"அண்ணா, அழ வைக்குமா?"

சென்னைப் புத்தகக் காட்சிக்கு வருகிறவர்களில் பல ரகம் உண்டு. பத்து சதவீதக் கழிவை மனக்கணக்கில் சரிபார்ப்பவர், கட்டைப்பை இலவசமா என்று கேட்பவர், உள்ளே நுழைந்ததும் டெல்லி அப்பளம் எந்தப் பக்கம் என்று விசாரிப்பவர். இவர்களைப் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது, பத்தொன்பது இருபது வயதில், ஒரு காதில் மட்டும் ப்ளூடூத்தைச் செருகிக்கொண்டு, அரங்கின் ஓரமாக ஒதுங்கி நிற்கும் தம்பியைப் பற்றி. (தங்கைகளும் உண்டு. அவர்கள் இன்னும் விவரமானவர்கள், கேலியில் சிக்க மாட்டார்கள்.)

தம்பி முதலில் அட்டையைப் பார்ப்பான். பிறகு இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துத் தடிமன் பார்ப்பான். அப்புறம் எங்கோ நடுவில் பிரித்து ஒரு பத்தி படிப்பான். மூன்று பேராசிரியர்கள் அணிந்துரை எழுதியிருந்தால் மூவரையும் ஒரே புரட்டில் தாண்டிவிடுவான். கடைசியில் கடைக்காரரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பான்.

"அண்ணா, இது அழ வைக்குமா?"

"விருது வாங்கின நாவல் தம்பி."

"அது சரிண்ணா. அழ வைக்குமா?"

கூடவே அப்பா வந்திருந்தால் அவருடைய கேள்வி வேறு: "இதுல என்ன கருத்து சொல்லியிருக்கான்?" கருத்து என்ற சொல் காதில் விழுந்ததும் தம்பி பக்கத்து அரங்குக்குப் போய்விடுவான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு வரை அவன் கவிதைக்கு நயம் பாராட்டியவன். திரண்ட கருத்து, எதுகை, மோனை, முரண், அணி என்று ஒவ்வொரு உட்தலைப்புக்கும் அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டவன். எந்தப் பாட்டு வந்தாலும் 'கவிஞர் மிக அழகாக எடுத்துரைக்கிறார்' என்று எழுதி மதிப்பெண் வாங்கியவன். கவிஞர் என்ன எடுத்துரைத்தார் என்று ஆசிரியரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

பிறகு கல்லூரி வந்தது, ஒரு பிரேக்கப் வந்தது. நள்ளிரவில் யாரோ ஸ்டேட்டஸில் நாலு வரி வைத்திருந்தார்கள். அதில் எதுகையும் இல்லை, அணியும் இல்லை. படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தவன், ஐந்து நிமிடம் கழித்து நிமிர்த்தி, எழுதியது யார் என்று தேடினான். தமிழ்க் கவிதைக்கு ஒரு வாசகன் கிடைத்தது அங்கேதான்.

அவனிடம் சிரிக்க விஷயமே இல்லையா என்றால், ஏராளமாக இருக்கிறது. புத்தகம் வாங்கியதும் முதல் வேலை, அதை ஃபில்டர் காபி டம்ளருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துப் படம் எடுப்பது. காபி ஆறிவிடும், படம் சரியாக வராது, இன்னொரு காபி வரும். வாங்கிய நாலு புத்தகத்தில் இரண்டு, அடுத்த பொங்கல்வரை பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும். அவனும் எழுதுவான். ஒரு சாதாரண வாக்கியத்தை எடுத்து, சொல்லுக்குச் சொல் என்டர் தட்டினால் கவிதை என்பது அவன் துணிபு. அதில் மழை கட்டாயம் பெய்யும்.

நாலு வரிக்கு மேல் பொறுமை இல்லாத தலைமுறை என்று மேடையில் ஒரு பெரியவர் வருத்தப்படுவார். பெரியவருக்குக் குறுந்தொகையை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 401 பாட்டு, பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடிக்குள். ஐங்குறுநூறு இன்னும் சிக்கனம், மூன்றடியிலிருந்து ஆறடி. போன் திரைக்கென்றே அளந்து எழுதியது போல இருக்கும். குறுந்தொகையில் ஒரு புலவருக்கு இயற்பெயர்கூட மிஞ்சவில்லை, பாட்டில் வந்த உவமையே பெயராகி செம்புலப்பெயனீரார் ஆகிவிட்டார். 'மழைக்காதலன்' என்ற ஐடியில் எழுதும் நம் தம்பிக்கு இவர் முன்னோடி.

சரி, நீளம் பிடிக்காதா? இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் ஓடும் பொன்னியின் செல்வனை அவன்தான் படித்தான். 2022-இல் படம் வருவதற்குள் ஐந்து பாகத்தையும் முடித்துவிட வேண்டும் என்று பேருந்தில் நின்றுகொண்டே படித்தான். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி திட்டவட்டமாகச் சொல்லாமல் விட்டதால், வாட்ஸ்அப் குழுவில் விடிய விடிய வழக்கு நடந்தது. அடுத்தது என்ன என்று பதைக்க வைத்தால் போதும், எத்தனை பக்கமானாலும் அவன் வருவான். வாரத் தொடராக எழுதிய கல்கிக்கு இது 1950-லேயே தெரியும்.

எனக்கு அவனை மிகவும் பிடித்துப்போனது, அசுரன் படத்துக்கு மூலமான 'வெக்கை' நாவல் விஷயத்தில். "அசுரன் புக் இருக்காண்ணா?" என்றுதான் கேட்டு வந்தான். பூமணி அதை எழுதியது 1982-இல். அப்போது தம்பி பிறக்கவே இல்லை, அவன் அப்பாவே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார். படத்தில் தனுஷ் நடித்த அப்பாவை எதிர்பார்த்துப் பிரித்தவனுக்கு, பதினைந்து வயதுச் சிதம்பரம் எதிரே வந்து நின்றான். கொலை செய்துவிட்டு ஓடுகிற பையன், அப்பாவோடு காட்டில் சோறு பொங்கித் தின்கிற பையன். கரிசல் பேச்சு பாதி புரியவில்லை, ஆனாலும் விடவில்லை. மாரி செல்வராஜின் சிறுகதைகளுக்கும் அவன் பரியேறும் பெருமாள் படம் வழியாகத்தான் போனான். சினிமா பார்த்துவிட்டு வருகிறவன் வாசகனா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். வாசல் வழியாக வந்தானா, ஜன்னல் வழியாக வந்தானா என்பது எழுதியவருக்குக் கவலையில்லை.

அவனுக்கு வேண்டியது புத்திமதி இல்லை. அது வீட்டில் தாராளமாகக் கிடைக்கிறது. தன்னைப் போல் ஒருவன் தப்பு செய்ய வேண்டும், அவமானப்பட வேண்டும், அதை யாராவது மழுப்பாமல் எழுதியிருக்க வேண்டும். அவன் கேட்கும் அழுகை இதுதான். சொல்லத் தெரியாததால் சுருக்கமாகக் கேட்கிறான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தம்பி இருந்தால் ஓர் உதவி செய்யுங்கள். அவன் படித்து முடித்ததும் 'இதிலேர்ந்து என்ன கத்துக்கிட்ட?' என்று கேட்காதீர்கள். அடுத்த புத்தகத்துக்குக் காசு கொடுங்கள், போதும்.