முந்துதக்காளி இலக்கணம்: மூலமும் உரையும்

அயல்மனைக் குலையெலாம் பச்சை யாகத்
தன்மனை அடிக்குலை தான்முன் சிவப்பது
முந்துதக் காளி, முதிர்ந்த தீஞ்சுவை
இலக்கணம் அன்றே இயம்புங் காலை.

உரை: கனடாவின் ரொறொன்ரோவைச் சேர்ந்த ஸ்காபரோவில், பின்வளவும் வேலிக்கு அப்பால் இன்னொரு தமிழ்க் குடும்பமும் வாய்க்கப் பெற்றோர்க்குரிய விதி உணர்த்துகின்றது. பக்கத்து வீட்டுக்கு முன் பழுப்பதே முந்துதக்காளி. சுவையை விசாரிக்க வேண்டா என்றவாறு.

விதைப் பைக்கற்றில் 50 நாள், 55 நாள் என்றிருக்கக் கண்டு, விதை போட்ட நாளிலிருந்து எண்ணி, விதைக் கம்பனியை வைவாரும் உளர். அவர் அறியார். அக்கணக்கு கன்றைத் தரையில் நட்ட நாளிலே தொடங்குவது. அதற்கு முந்திய ஆறு முதல் எட்டுக் கிழமை, கன்று பேஸ்மென்ற் விளக்கின்கீழ் வளர்ந்ததும் அதற்குக் கட்டிய கரண்ட் காசும் பைக்கற்றில் வாரா.

நடும் காலம், மே 25க்கு முந்திய திங்கட்கிழமையாகிய விக்டோரியா நாள் என்பது இங்குள்ள தோட்டக்காரர் மரபு. இரண்டு கிழமை முன்னரே நட்டால் இரண்டு கிழமை முந்தலாமே எனின், அற்றன்று. குளிர்ந்த மண்ணில் தக்காளி வேரோடாது. இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே போனால் பூ, பிஞ்சு பிடியாமல் உதிரும். அவ்வாறு முந்தி நட்டவர் அயலாருக்குக் காட்டியதெல்லாம் கன்றுக்குப் போர்த்த பழைய பெட்ஷீற்றையே.

'அடிக்குலை' என்றது ஏன்? முந்து இனங்கள் சில இலைகள் விட்டதுமே பூத்துவிடும். ஆதலால் முதற்குலை தாழ நிற்கும். காயும் சிறிது, விரைந்து நிறையும். 1975 இல் பர்ப்பி நிறுவனம் விற்பனைக்கு விட்ட ஏர்லி கேர்ள் இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. அல்பேர்ட்டாவின் பீவர்லொட்ஜ் ஆய்வு நிலையம் தந்த சப்-ஆர்க்டிக் பிளென்ரி குட்டைச் செடி. குறுங்கோடையில் காய்த்து முடிப்பது. பிராண்டிவைன் போன்ற பெருங்காய் இனங்களோ 80 நாளுக்கு மேலும் எடுக்கும்.

ஈண்டு ஒரு கடா. பீவர்லொட்ஜில் கோடை குறுகியது, அங்கே அவசரம் தகும். ரொறொன்ரோவில் பனி உறைய ஒக்டோபர் ஆகுமே, பிராண்டிவைனும் ஆறுதலாகப் பழுக்குமே, பின் ஏன் இந்த ஓட்டம்? விடை: இதனை உட்கொண்டே ஆசிரியர் 'குறுங்கோடை' என்னாது 'அயல்மனை' என்றார்.

முந்தியது எல்லாம் சப்பென்றிருக்கும் என்பது பொதுவிதி. ஆயினும் கலிபோர்னியாவின் சான்ரா குரூஸ் பக்கத்தில், வேரூன்றியபின் தண்ணீர் விடாது வளர்க்கும் ஏர்லி கேர்ளைச் சுவைக்காகவே தேடி வாங்குவர். இது புறனடை. தண்ணீர் விடாமல் செடியை வாட விட்டால் அயலார் என்ன சொல்வர் என்று அஞ்சுவோர்க்கு இம்முறை ஆகாது.

முற்றிய காயைப் பறித்து, வாழைப்பழத்தோடு கடதாசிப் பையில் இட்டுப் பழுக்க வைத்தல் முந்துதல் ஆகுமோ எனின், ஆகாது. எதிலீன் வாயு செய்த வேலை அது, தோட்டக்காரர் செய்ததன்று. தவிரவும் வெறுங்கொடியை யாருக்குக் காட்டுவது?

செரித் தக்காளியைப் போட்டியிற் சேர்க்கலாமோ என்பதில் மட்டும் உரையாசிரியர்க்குள் உடன்பாடில்லை. சங்கோல்ட் என்னும் செம்மஞ்சட் சிறுகாய், பெரிய இனங்கள் பல பச்சையாய் நிற்கையிலேயே பழுப்பது. வென்றோர் சேர்க்கலாம் என்ப. தோற்றோர் சார்பில் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்த மாமி உரைத்தது வருமாறு: "வடிவாத்தான் இருக்குது பிள்ளை, ஆனா இதை எப்பிடிக் குழம்புக்கு வெட்டுறது?"