2147483647: ஒரு குணாதிசய ஆராய்ச்சி

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு என்னும் எண்ணைப் பற்றித் தமிழில் இதுவரை போதிய விசாரம் நடக்கவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அங்க லட்சணம். பத்து இலக்கங்கள். 4 மூன்று முறை வருகிறது. 0, 5, 9 மூன்றும் அறவே இல்லை. கூட்டினால் 46, மறுபடி கூட்டினால் 10, இன்னொரு முறை கூட்டினால் 1. ஆகவே சூரியனுடைய எண் என்று பெயரியல் நிபுணர்கள் மகிழ்வார்கள். மகிழட்டும். கணித மரபில் இதன் கோத்திரம் வேறு. இரண்டை முப்பத்தொரு முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது இது. மெர்சென் பகா எண் வம்சத்தில் எட்டாவது.

பகா எண் என்று 1772-இல் அறிவித்தவர் ஆய்லர். பார்வை அநேகமாகப் போய்விட்ட நிலையில் செய்த வேலை. எடுத்த எண்ணாலெல்லாம் வகுத்துக்கொண்டிருக்கவில்லை அவர். இதற்கு வகுஎண் ஒன்று இருந்தால், அதை 248-ஆல் வகுக்கையில் மீதி 1 அல்லது 63 தான் வரும் என்று கண்டு, 46,340 வரை அந்த ஜாதி எண்களை மட்டும் பிடித்துச் சோதித்தார். ஒன்றுகூட மீதியில்லாமல் வகுக்கவில்லை.

இதை 2-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் ஒரு நிறை எண் கிடைக்கும். 1811-இல் பீட்டர் பார்லோ அதைப் பார்த்துவிட்டு, இதைவிடப் பெரிய நிறை எண்ணை எவரும் தேடப் போவதில்லை, இவை வேடிக்கைக்கு உதவுமே தவிரப் பயனுக்கு உதவா என்ற பொருள்பட எழுதினார். இக்கூற்றின் முற்பகுதியை 1876-இல் 39 இலக்கப் பகா எண்ணோடு வந்து லூக்கா முடித்துவைத்தார். பிற்பகுதியை மறுக்க ஒரு டியூஷன் சென்டரின் பெற்றோர் பட்டியலே போதும்.

பட்டியலில் அப்பா பெயர் வேறு, தெரு வேறு, மொபைல் நம்பர் மட்டும் எல்லோருக்கும் 2147483647. காரணம் எளிது. கணினியில் கூட்டல், கழித்தல் குறியோடு வரும் 32 பிட் முழு எண்ணுக்கு உச்சவரம்பு இதுதான். நம் மொபைல் எண்களோ 6, 7, 8, 9 என்று தொடங்குபவை; அத்தனையும் வரம்புக்கு மேல். அந்தக் கட்டத்தை வெறும் 'இன்ட்' என்று யாரோ அமைத்துவிட, சில டேட்டாபேஸ்கள் மூச்சுக் காட்டாமல் எல்லாரையும் உச்சவரம்பில் கொண்டுபோய் நிறுத்திவிடுகின்றன. இந்த எண் செய்த சமத்துவத்தை எந்த அரசாணையும் செய்ததில்லை. (அமெரிக்காவில் 214 என்பது டல்லாஸ் நகரத்துக் குறியீடு. அங்கே யாருக்காவது இந்த நம்பர் வாய்த்திருந்தால், அவருக்கு எம் அனுதாபங்கள்.)

இனி காலக் கணிதம். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணி வரும் பழைய கணினிகளில், 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு இவ்வெண் நிறைகிறது. திருத்தப்படாத இயந்திரம் அடுத்த நொடியில் 1901 டிசம்பருக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த ஜனவரி 19 செவ்வாய்க்கிழமை, ராகுகாலம் பிற்பகல் 3 மணிக்கு, எமகண்டம் காலை 9 மணிக்கு. பஞ்சாங்கத்தின் மேல் பழிபோட வழியே இல்லை.