பிரார்த்தனையும் பெற்றோர் கையெழுத்தும்

கேள்வி: கான்வென்ட்டில் பிள்ளையைச் சேர்த்தால், காலை ஜெபத்துக்கும் சேர்த்தே சம்மதம் கொடுத்ததாகிவிடுமா?

பதில்: ஆகாது. சேர்க்கைப் படிவம் வேறு, வழிபாட்டுக்கான சம்மதம் வேறு. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் எந்தப் பள்ளியும், சிறுவர்களைச் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்கப் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் பெற வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு. இது சிறுபான்மைப் பள்ளி, இந்து அறக்கட்டளைப் பள்ளி இரண்டுக்கும் பொது.

நடைமுறையில் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு எனப் பிரித்திருப்பார்கள். நல்ல ஏற்பாடு. சிக்கல் பெரும்பாலும் காலைக் கூட்டத்தில்தான். அங்கே எல்லாரும் ஒரே வரிசை; தனியே ஒதுங்கி நிற்கும் எட்டு வயதுக் குழந்தைக்குச் சட்டப் பிரிவு துணைக்கு வராது, வகுப்பாசிரியர்தான் வர வேண்டும். ஆகவே ஜெபத்தில் சேராத பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்று சேர்க்கும் நாளிலேயே கேட்டுவிடுவது மேல்.

சம்மத விதி எல்லாப் பள்ளிக்கும் பொது என்றாலும், கட்டணத்தில் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு ஒரு வேறுபாடு உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு இலவசமாக ஒதுக்க வேண்டும். ஆனால் 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. கான்வென்ட்டில் இலவச இடம் எதிர்பார்த்துச் சென்ற ஏழைப் பெற்றோர் ஏமாந்து திரும்புவது இதனால்தான். தொண்டுக்கென்று தொடங்கிய பள்ளிகள், சட்டம் கேட்காவிட்டாலும் அந்த இடங்களைத் தரலாம், தருவதே முறை.