அவித்த முட்டைக்கு மறுபிறவி உண்டா?

கேள்வி: அவித்த முட்டையை மறுபடி பச்சை முட்டையாக்க முடியுமா?

பதில்: ஓரளவு செய்துகாட்டி 2015-இல், சிரிக்கவைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசே வாங்கிவிட்டார்கள்!

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சரடு. தண்ணீர் பிடிக்காத பகுதிகள் உள்ளே பதுங்க, ஹைட்ரஜன் பிணைப்புகள் இழுத்துப் பிடிக்க, தனக்கென்று ஒரு வடிவில் மடிந்திருக்கும். எப்படி மடிவது என்பது அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறது என்று காட்டிய கிறிஸ்டியன் அன்ஃபின்சன், 1972-இல் நிஜ நோபலே வாங்கினார். முட்டை வெந்நீரில் கிடக்கும்போது, சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் வெள்ளைக்கருவில் சில புரதங்களின் பிடி நழுவும். சரடு அறுவதில்லை, அவிழ்ந்து, பக்கத்துச் சரடுகளோடு தாறுமாறாகச் சிக்கிக்கொள்ளும். முட்டை கெட்டியாவது இதனால்தான்.

கலிபோர்னியாவின் கிரெகரி வைஸும் ஆஸ்திரேலியாவின் காலின் ராஸ்டனும் அடங்கிய அந்த இக் நோபல் குழு, வெந்த வெள்ளைக்கருவை யூரியாவில் கரைத்து, அதிவேகமாகச் சுழலும் குழாயில் விட்டுச் சிக்கெடுத்தது. மீண்டது முழு முட்டையல்ல, லைசோசைம் என்ற ஒரே புரதம். மருந்துக்கான புரதம் தயாரிப்போருக்கு இதில் லாபம் உண்டு. உங்களுக்கு ஆம்லெட்தான் வேண்டுமென்றால், புது முட்டை வாங்குங்கள். யூரியா வயலுக்குப் போகட்டும்!