வர்த்தமானிச் சமையல்

2020 மார்ச்சில் இலங்கையின் தலைமைச் சமையற்காரர் பதவி வர்த்தமானிக்குப் போனது. பருப்பு கிலோ 65 ரூபா, பெரிய டின் மீன் 100 ரூபா என்று 17ஆம் திகதி அறிவித்தார்கள். 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நாடு முழுக்கக் கொரோனா ஊரடங்கு. எதைத் தின்பது, எங்கே இருந்து தின்பது என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே வாரத்தில் விடை வந்துவிட்டது.

மூதூருக்கு இது கொஞ்சம் மானக்கேடான விடை. முன்னால் கொட்டியாரக்குடா. கீரி, கணவாய், இறால், நண்டு என்று துள்ளத் துள்ள வாங்கிப் பழகிய சனம், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டின் மீனுக்கு வரிசையில் நின்றது. விலை இறங்கிய சாமானை விட்டுவைக்க நம்மவருக்கு மனம் வராது. பருப்போ, 65 என்று விலை கட்டிய அன்றே துறவு பூண்டு கடைகளின் பின்னறைக்குப் போய்விட்டது.

எங்கள் வீட்டுக்கு வந்த சோதனை இதுவல்ல. கொழும்பில் கெம்பஸை மூடிவிட்டார்கள் என்று ராத்தாவின் மகன் பையோடு வந்து இறங்கினான். அவன் கையில் போன். போனுக்குள் உலகத்துக் குசினி அத்தனையும். நான் ருசி பார்க்கிற உத்தியோகத்தை எடுத்துக்கொண்டேன். சம்பளமில்லாத வேலைதான், ஆனால் ஆபத்து நிறைய.

முதலில் டல்கோனா கோப்பி. கொரிய நடிகர் ஒருவர் மக்காவு கடையில் குடித்துவிட்டு, எங்கள் ஊர் மிட்டாய் போல இருக்கிறது என்று தொலைக்காட்சியில் சொல்லப்போய், உலகமே கோப்பித்தூளையும் சீனியையும் அடிக்கத் தொடங்கிய நேரம். எங்களிடம் மெஷின் இல்லை. முள்ளுக்கரண்டியால் அடித்து நுரை எழும்புவதற்குள் இரண்டு பேருக்குத் தோள்மூட்டு இறங்கிவிட்டது. உம்மா ஒரு மிடறு குடித்தா. “கோப்பி நல்லாத்தான் இருக்கு. அதுக்கு மேல ஏன் சவுக்காரம் போட்ட?”

பிறகுதான் பெரிய திட்டம். மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிரை இலங்கையில் அறியாதவர் இல்லை. ஊரடங்கில் தயிர்ச் சட்டிகள் வெளியூர் போக வழியில்லாமல் ஊருக்குள்ளேயே தேங்கின. பாலும் மலிந்தது. இத்தாலிக்காரன் மொட்சரெல்லாச் சீஸ் செய்வதும் எருமைப் பாலில்தான் என்று மருமகன் எங்கேயோ படித்துவிட்டான். உண்மைதான், அசல் மொட்சரெல்லா எருமைப் பாலில்தான். பசுப்பாலைவிடக் கொழுப்பு அதிகம், ஏறக்குறைய இரண்டு மடங்கு. இத்தாலியின் கம்பானியாவுக்கும் கொட்டியாரத்துக்கும் இடையில் கடல் ஒன்றுதான் தடை என்று அவன் பேசினான்.

இன்னொரு தடையும் இருந்தது. ரெனெட். கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. இந்தச் செய்தி உம்மாவின் காதில் விழுந்த அன்று அடுப்படி ஒரு நேரம் மூடப்பட்டது. அவன் தேசிக்காய்ப் புளியை எடுத்தான். பாலைக் கொதிக்கவிட்டுப் புளி விட்டால் திரளத்தான் செய்யும். ஆனால் வருவது பனீர். நெருப்பில் அது உருகாது, இழுத்தால் நீளாது. மொட்சரெல்லாவுக்குப் பாலை இளஞ்சூட்டில் வைத்து, ரெனெட் விட்டு, புளிப்பைப் பக்குவத்துக்குக் கொண்டுவந்து, வெந்நீரில் போட்டு இழுக்கவேண்டும். நாங்கள் இழுத்தோம். நான் ஒரு பக்கம், அவன் மறுபக்கம். அது எங்களைப் பார்த்து இரண்டாக உடைந்தது. பீட்ஸாவில் போட்டதும் போட்ட இடத்திலேயே தீவுக்கூட்டமாகக் கிடந்தது. உம்மா அதை எடுத்து உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுப் பொரித்தா. அன்று இரவு எல்லாரும் சாப்பிட்டது அதைத்தான். இத்தாலியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடைபட்டிருப்பதில் எங்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. இதே மூதூரில் 1660இல் அகப்பட்ட ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருசத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார். தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். தப்பிப் போய் 1681இல் புத்தகமும் வெளியிட்டார். மருமகன் அந்த மனிதரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய. தொப்பியை யாரும் தின்னச் சொல்லமாட்டார்கள்.

ஏப்ரல் 25இல் நோன்பு தொடங்கியது. பள்ளிவாசல் மூடியிருந்தது. கஞ்சிக் கிடாரமும் அடுப்பேறவில்லை. மற்ற வருசங்களில் அஸருக்குப் பிறகு வாளியும் கையுமாகப் பிள்ளைகள் பள்ளியடியில் நெருக்கியடிப்பார்கள். அந்தக் கஞ்சியை வீட்டில் காய்ச்ச யாருக்கும் தேவை வந்ததில்லை. இப்போது ஊரே ஒரே நேரத்தில் கஞ்சி காய்ச்சக் கற்க வேண்டியதாயிற்று. பள்ளியில் காய்ச்சுகிற காக்காவுக்கு மருமகன் போன் எடுத்தான்.

“அரிசி எவ்வளவு காக்கா?”

“பதினஞ்சு கிலோ.”

“எங்கட வீட்டுல அஞ்சு பேர்தான்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அப்ப கஞ்சி வராது தம்பி. சோறுதான் வரும்.”

இவன் கல்குலேட்டரை எடுத்து எல்லாவற்றையும் வகுத்தான். தேங்காய்ப்பாலையும் இறைச்சியையும் வகுக்கலாம். ரம்பையில் ஒரு விரற்கடை வந்தது. வெந்தயம் எண்ணிப் போடுகிற அளவுக்கு வந்தது. தண்ணீரையும் அதே கணக்கில் விட்டான், அங்கேதான் காக்கா வென்றார். கிடாரத்தில் வற்றுகிற தண்ணீர் மொத்தத்தில் சின்னப் பங்கு. அகலச் சட்டியில் கொஞ்சமாகக் காய்ச்சும்போது பாதி ஆவியாகிப் போய்விடும். நோன்பு திறக்கிற நேரம் கரண்டி கஞ்சியில் நட்ட கொடிக்கம்பமாக நின்றது. பக்கத்து வீடுகளிலிருந்தும் வேலிக்கு மேலால் கஞ்சிக் கோப்பைகள் வந்தன. ஒன்று தண்ணி, ஒன்று களி. எல்லாவற்றையும் ஒரே சட்டியில் ஊற்றிக் கலக்கினா ராத்தா. பள்ளிக் கஞ்சியின் ருசி வந்தது. நான் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவன் இல்லை, ஆனாலும் இந்தக் கண்டுபிடிப்புக்கு யாராவது பட்டம் கொடுக்கலாம்.

மஞ்சளின் கதை வேறு. உள்ளூர் விவசாயிக்காக என்று 2019 டிசம்பரிலேயே இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள். கொரோனா வந்ததும் மஞ்சள் கிருமியைக் கொல்லும் என்று சனம் வாசலிலும் ரோட்டிலும் கரைத்துத் தெளித்தது. கறிக்கு மிச்சமில்லை. கிலோ ஆயிரக் கணக்கில் ஏறியது. மன்னார், புத்தளக் கரையில் இந்தியாவிலிருந்து வந்த மஞ்சள் மூட்டைகளைக் கடற்படை பிடித்த செய்தி, கஞ்சா பிடித்த செய்திக்குப் பக்கத்தில் வந்தது. எங்கள் வீட்டுப் பருப்புக்கறி நோயாளி மாதிரி வெளுத்தது. மருமகன் அதற்கு ‘வைட் கறி’ என்று பெயர் வைத்துப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினான். செய்முறை கேட்டு நாலு பேர் எழுதினார்களாம்.

மே 24 பெருநாளும் ஊரடங்குக்குள்தான் வந்தது. வட்டிலப்பத்தில் யாரும் பரிசோதனை செய்யவில்லை. செய்ய உம்மா விடவில்லை.

பிறகு உளுந்துக்குத் தட்டுப்பாடு, பால்மாவுக்குத் தட்டுப்பாடு. 2022இல் வர்த்தமானிகூடத் தேவைப்படவில்லை, டொலர் இல்லை என்ற ஒரு வசனமே கேஸ் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு போனது. மருமகன் அப்போது கொழும்பில் அறை எடுத்து இருந்தான். பெற்றோலும் இல்லை, வெளியே போக வழியில்லை. சிரட்டையில் அடுப்பு மூட்டுவது எப்படி என்று உம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தான்.

“கல்லு மூணு எடு. மண்ணுல குழி தோண்டு.”

“மண் இல்ல மூத்தம்மா. நாலாம் மாடி.”

உம்மா யோசித்தா. “அப்ப பாண் வாங்கித் தின்னு மகன்.”