மோட்டார்ச் சத்தமும் மூன்று விரலும்

எங்கள் அப்பாரு தூங்கினாலும் அவர் காது தூங்காது. 1970-களில் அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் மும்முனை மின்சாரம் பாதி ராத்திரியில்தான் எட்டிப் பார்க்கும். கிணற்று மோட்டார் சீராக ஓடும்வரை கயிற்றுக் கட்டிலில் குறட்டை விடுவார். சத்தம் ஒரு இழை மாறினால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவார். "கண்ணு, ஒரு பேஸ் போயிருச்சு. மோட்டார் உறுமுது பாரு. ஓடிப்போய் நிறுத்து, காயில் கருகிரும்" என்பார். டார்ச் லைட்டோடு ஓடுவது என் வேலை.

கோயமுத்தூர்க்காரனுக்கு மோட்டாரும் ஒரு குலதெய்வம். 1932-இல் பைக்காரா மின்நிலையம் ஓட ஆரம்பித்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்ளூரிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். அப்புறம் கவலை இறைத்த மாடுகளுக்கு ஓய்வு, மனுசனுக்கு ராத்தூக்கம் போயிற்று.

அதே வீட்டுத் திண்ணையில் ஆத்தாவுக்குள்ளும் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "நெஞ்சுக்குள்ள கோழிக்குஞ்சு சிறகடிக்கற மாதிரி இருக்குது சாமி" என்பாள். வாய்வு என்று வீடே தீர்ப்புச் சொல்லும். ஓமம், சீரகத் தண்ணீர், சுட்ட பூண்டு. ஒருநாள் வைத்தியர் வந்து மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார். வாதத்துக்கு ஒன்று, பித்தத்துக்கு ஒன்று, கபத்துக்கு ஒன்று. வெகுநேரம் விரலை எடுக்கவே இல்லை. "நாடி தப்பித் தப்பி நடக்குதுங்க. ஒண்ணு ஓடுது, ஒண்ணு நிக்குது" என்றார்.

"வயசானா அப்படித்தானுங்க" என்று அப்பாரு வெற்றிலையை மடித்தார். மோட்டாரைப் பற்றி யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், அன்றைக்கே வண்டி கட்டி அதை டவுனுக்கு ஏற்றியிருப்பார்.

ஒன்றரை வருஷம் கழித்து, விடிகாலையில் பால் கறக்கும்போது ஆத்தாவின் வலது கையும் காலும் விழுந்தன. வாய் கோணிற்று. "வாதம் அடிச்சிருச்சு" என்றது ஊர். தப்பி நடந்த நாடிக்கும் விழுந்த கைக்கும் யாரும் முடிச்சுப் போடவில்லை.

இப்போது எனக்கு 63. மகன் வாங்கிக் கட்டிவிட்ட கடிகாரம் போன மாசம், 'இதயத் துடிப்பு சீராக இல்லை' என்று மணிக்கட்டில் அதிர்ந்தது. அவினாசி ரோட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் ஈசிஜி எடுத்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால், ஈசிஜி கருவியை உருவாக்கிய ஐந்தோவன் இதற்கு ஆட்களின் கையையும் காலையும் உப்புத் தண்ணீர்ச் சாடியில் வைக்கச் சொன்னாராம். 1924-இல் நோபல் பரிசும் வாங்கினார். எனக்கு ஒட்டுவில்லைகளோடு வேலை முடிந்தது.

இளவயது டாக்டரம்மா விளக்கினார். "மேலறையில சைனஸ் கணுன்னு ஒரு சின்ன இடம் இருக்குதுங்க. நிமிஷத்துக்கு 60-லிருந்து 100 தடவை அது ஒண்ணுதான் சுவிட்ச் போடணும். உங்களுக்கு மேலறை முழுக்க ஆளாளுக்கு சுவிட்ச் போடறாங்க, 350 தடவைக்கு மேல."

"கீழறை தாங்குதுங்களா?"

"நடுவுல ஏவி கணு இருக்குதுங்க. அது பாதிக்கு மேல தடுத்துரும்."

"ஸ்டார்ட்டர் ரிலே மாதிரி" என்றேன். சிரித்துவிட்டார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "மேலறை சுருங்காம நடுங்கிட்டே இருந்தா, ரத்தம் மூலையில தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம். மத்தவங்களைவிட அஞ்சு மடங்கு வாய்ப்புங்க."

எனக்குப் பால் சொம்பு உருண்ட சத்தம் கேட்டது. ஆத்தாவுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கலாம். ஐம்பது வருஷம் தாமதமாக முடிச்சு விழுந்தது.

நோயின் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். கல்யாண வீடுகளில் முன்பெல்லாம் வெள்ளாமை விசாரிப்பார்கள், இப்போது "உங்களுக்கு எத்தனை ஸ்டென்ட்?" என்கிறார்கள். குழாய் அடைப்புக்காரர்கள் பந்தியில் நான் ஒருத்தன்தான் கரண்ட் கோளாறு. ரத்தம் உறையாமல் இருக்க எனக்கு மருந்து வார்ஃபரின். 1948-இல் எலிமருந்தாகக் கடைக்கு வந்து, 1954-இல் மனுசனுக்குப் பதவி உயர்வு பெற்ற சரக்கு. தோட்டத்துக் கீரையை இனி அளந்துதான் தின்ன வேண்டும். திடீரென்று கூட்டினால் மருந்தின் வேகம் குறைந்துவிடுமாம். எலிமருந்தை நம்பி, கீரைக்குப் பயப்படுகிறேன்.

தோட்டத்து மோட்டாருக்கும் இப்போது மொபைல் ஸ்டார்ட்டர். ஓடினாலும் நின்றாலும் எனக்கு போன் போட்டுச் சொல்லும். நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு மணி அலறியது. வாரிச் சுருட்டி எழுந்தேன். கூப்பிடுவது கிணறா, நெஞ்சா? கிணறுதான். மோட்டார் நல்லபடியாக ஓடுகிறதாம். அந்த நல்ல செய்தியில் என் நெஞ்சு 118-க்கு ஏறியதைக் கடிகாரம் பத்திரமாகக் குறித்துக்கொண்டது.

அதைக் கழற்றி வைத்துவிட்டு இருட்டில் மூன்று விரலை மணிக்கட்டில் வைத்தேன். ஒண்ணு ஓடியது. ஒண்ணு நின்றது. வைத்தியர் அன்றைக்கே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். எங்கள் காதுதான் கிணற்றடியில் இருந்தது.