வெள்ளரிப் பிஞ்சும் கபிலர் பாறையும்

கோடை விடுமுறைக்குத் திருக்கோவிலூர் அத்தை வீட்டுக்குப் போவோமே, அப்போது தென்பெண்ணையில் தண்ணீர் ஓடுகிறதா என்று யார் கேட்டார்கள்? ஓடாவிட்டால் முழங்கை ஆழம் மணலைத் தோண்டினால் ஊறிவரும். கொட்டாங்குச்சியில் மொண்டு குடித்துவிட்டு, ஆற்றுக்குள்ளேயே கொடி போட்டிருக்கும் கிழவியிடம் வெள்ளரிப் பிஞ்சு வாங்கினால், கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருவாள். இன்றைக்கு ஆறென்பது பாலத்தின்மேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடக்கும் அரை நிமிஷம். குறை சொல்லவில்லை, சமீபத்தில் நானும் ஏசி போட்டுக்கொண்டுதான் கடந்தேன்.

தமிழ் இலக்கியம் படிக்கச் சேர்ந்த வருஷம் எனக்குக் கபிலர் பிடித்துவிட்டது. நண்பன் பாரி மறைந்தபின் அவர் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் அமர்ந்து, உயிர்விட்டார் என்பது புலவர் மரபு. கீழூர் வீரட்டானேசுவரர் கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டோ, பாரி மகளை இவ்வூர் மன்னன் மலையனுக்குக் கொடுத்துவிட்டுத் தீப்புகுந்தார் என்கிறது. ஆற்றுக்குள் தலையில் சின்னக் கோயிலுடன் நிற்கும் பாறைதான் அந்த இடமாம். நெருப்பு எனக்கு ஒத்துவராது. ஆகவே, கடிதத்துக்குப் பதில் போடாத ஒரு பெண்ணை உத்தேசித்து, நாற்பது பக்க நோட்டும் பேனாவுமாகப் பாறையடியில் வடக்கே பார்த்து உட்கார்ந்தேன்.

எதிரே அரகண்டநல்லூர் கோயில். 1896-இல் வீட்டைவிட்டுக் கிளம்பிய வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், ரமணராவதற்கு முன், காசில்லாமல் மாம்பழப்பட்டிலிருந்து நடந்தே வந்து தியானத்தில் உட்கார்ந்த இடம் அது. மறுநாள் இக்கரையில் காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்துத்தான் அவன் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். துறக்க என்னிடம் கடுக்கன் இல்லை. அப்பாவின் கைக்கடிகாரம் இருந்தது, அதுவும் ஓடாது. பதினொரு மணி இருக்கும், பசித்தது. "வெயில்ல குந்திகினு இன்னா எழுதுற கண்ணு?" என்று பிஞ்சை நீட்டினாள் கிழவி. கபிலருக்கு அப்படிக் கேட்க ஆளில்லாமல் போனது இலக்கியத்துக்கு லாபம்.

முதலாழ்வார் மூவரும் மழையிரவில் ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று ஓர் இடைகழியில் நெருங்கி நிற்க, நான்காவதாகப் பெருமாளும் வந்து நெருக்கிய ஊர் இது. அத்தை வீட்டுத் திண்ணையிலும் ராத்திரிகளில் அதே கணக்குதான். யார் கால் யார் வயிற்றில் என்று விடிந்தால்தான் தெரியும், விடியும்வரை பேய்க்கதை. அந்தத் திண்ணையை இடித்துச் செல்போன் கடை வைத்திருக்கிறார்கள். இந்தத் தடவை லாட்ஜில் எனக்கு இரட்டைக் கட்டில், நெருக்க ஒருவருமில்லை, தூக்கமும் வரவில்லை.

தேர்களை அள்ளிக் கொடுத்த மலையமான் திருமுடிக்காரியின் ஊரில் காலையில் ஷேர் ஆட்டோ பிடித்தேன். சில்லறை இல்லையா, ஜிபே பண்ணுங்க என்றார் டிரைவர். அத்தைக்குக் கடிதம் எழுதும்போது நாங்கள் தென்னாற்காடு மாவட்டம் என்று போடுவோம். 1993-இல் ஊர் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போனது, 2019-இல் கள்ளக்குறிச்சிக்கு. இருந்த இடத்தைவிட்டு அசையாமலே இத்தனை ஊர்சுற்றிய ஊர் வேறெது? அக்கரை அரகண்டநல்லூர் மட்டும் விழுப்புரத்திலேயே தங்கிவிட்டது. இப்போது ஆற்றைக் கடந்தால் மாவட்டமே மாறிவிடுகிறது. எங்கள் காலத்தில் மழைக்காலமாயிருந்தால் வேட்டி நனையும், அவ்வளவுதான்.